கல்லடிக் கடற்காற்றுக்கு எந்தப் பெயின்ற்: இனாமலா, எப்பொக்சியா, டூ கேயா?

மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற கல்லடி, டச்பார், நாவலடிப் பக்கங்களில் இரும்புக் கேற் வைத்திருக்கிறவர்களுக்குக் கறள் புதினமில்லை. வெல்டிங் செய்த மூட்டில் முதலில் ஒரு செம்மஞ்சள் கோடு தெரியும். அடுத்த மாரி முடிவதற்குள் பெயின்ற் கொப்பளித்துச் செதிளாக உரியும். மறுபடி அடிக்கலாம் என்று ஹாட்வெயாருக்குப் போனால் மூன்று வழி காட்டுவார்கள். கறளைத் தடுக்கிற அடிப்பூச்சான சிவப்பு அன்டிகொரோசிவ் அடித்து அதற்கு மேல் இனாமல். எப்பொக்சி பிரைமர் அடித்து அதற்கு மேல் இனாமல். எப்பொக்சி பிரைமர் அடித்து அதற்கு மேல் டூ கே பொலியூரேதேன், அதாவது இரண்டு பேணியைக் கலந்து அடிக்கிற பொலியூரேதேன். ஒன்றைவிட ஒன்று விலை நன்றாகக் கூடும்.

எதை எடுக்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கேற் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எந்த மாதத்தில் அடிக்கப் போகிறீர்கள் என்ற இரண்டையும்தான். ஏனென்றால் இந்த மூன்றும் இறுகுகிற விதம் வேறு வேறு. இனாமல் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்து இறுகும். எப்பொக்சி இரண்டாவது பேணியில் இருக்கிற ஹாட்னரோடு, அதாவது இறுக்கும் திரவத்தோடு, சேர்ந்து இறுகும். டூ கேயும் ஹாட்னரோடுதான் இறுகும், ஆனால் அந்த ஹாட்னருக்கு ஈரம் ஆகாது. இது விளங்கினால், எவ்வளவு தடிப்பாக அடிக்கலாம், எத்தனை நாள் பொறுக்க வேண்டும், எந்தப் பருவத்தில் தொடவே கூடாது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

ஒரு விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரலால் தொட்டு ஒட்டவில்லை என்றால் பெயின்ற் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். பல நேரம் கரைப்பான் மட்டும்தான் பறந்திருக்கும். தளபாடங்களுக்கு அடிக்கிற என்.சி. லாக்கருக்கு அதோடு வேலை முடிந்தது. அதனால்தான் தின்னர் பட்டால் அது எத்தனை வருடம் கழிந்தும் திரும்பக் கரைகிறது. மற்றப் பெயின்றுகளில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாக மாற வேண்டும். அந்த வலை முடிந்த பிறகுதான் தண்ணீரையும் உப்பையும் தடுக்கிற பலம் வரும்.

இனாமல்

நாம் இனாமல் என்று வாங்குவது பெரும்பாலும் அல்கிட் பிசின். சோயா, ஆளிவிதை போன்ற எண்ணெய்களின் கொழுப்பமிலங்களைக் கிளிசரோல் மாதிரியான அற்ககோலோடும் தாலிக் அமிலப் பொருளோடும் சேர்த்துச் சமைப்பது. அடித்துச் சில மணித்தியாலத்தில் கரைப்பான் போய்விடும். பிறகு காற்றில் இருக்கிற ஒட்சிசன் கொழுப்பமிலச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளுக்குப் பக்கத்தில் ஏறிப் பெரொட்சைட்டாகிறது. அது உடையும்போது பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்கின்றன. இதைக் கெதிப்படுத்தத்தான் பேணிக்குள் கோபால்ற்று, சேர்க்கோனியம், கல்சியம் ஆகியவற்றின் சேர்வைகளைச் சிறிய அளவில் போடுகிறார்கள். கோபால்ற்று மேற்பரப்பைக் காயவைக்கும். மற்றவை அடிவரை காய உதவும்.

ஒட்சிசன் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் மேல் பக்கம் முதலில் இறுகும். தடிப்பாக அடித்தால் மேலே தோல் கட்டிவிடும், கீழே மாதக்கணக்கில் பச்சையாகக் கிடக்கும். அந்தத் தோல் சுருங்கி மடிப்பு விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். பாதி பாவித்த பேணிக்குள் ஆடை படிவதும் இதே இரசாயனம்தான். ஆகவே "ஒரே கோட், ஆனால் தடிப்பாக" என்று பெயின்ற் அடிக்கிற பாஸ் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். மெல்லியதாக ஒன்று, அடுத்த நாள் மெல்லியதாக இன்னொன்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தக் கோர்ப்பு ஒரு நாளில் நின்றுவிடுவதில்லை. வருடக்கணக்கில் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளை இனாமல் வெளிச்சம் குறைந்த அறைக்குள் மஞ்சளாவதும், வெளியில் நிற்கிற கேற்றில் பழைய பூச்சு நொறுங்கத் தொடங்குவதும் அதனால்தான். பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்குகிற இரும்போடு நொறுங்கிய பூச்சால் ஈடுகொடுக்க முடியாது. வெடித்துவிடும்.

கரையோரத்துக்கு இனாமல் ஏன் பலவீனம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அல்கிட் ஒரு எஸ்தர், அதாவது அமிலமும் அற்ககோலும் பிணைந்த சேர்வை. காரம் பட்டால் எஸ்தர் உடைந்து சவர்க்காரமாகும். உப்புத் தண்ணீர் பட்ட இரும்பில் ஒரு கீறல் விழுந்தால், கீறலின் நடுவில் இரும்பு கரையும். சுற்றியுள்ள இடத்தில் ஒட்சிசனும் தண்ணீரும் சேர்ந்து ஐதரொட்சைட்டு, அதாவது காரம் உண்டாகும். அந்தக் காரம் பெயின்றின் அடியைச் சவர்க்காரமாக்கிப் பிடியை விடுவிக்கிறது. ஒரு சின்னக் கீறலைச் சுற்றி உள்ளங்கை அளவு பெயின்ற் கழன்று வருவதன் விளக்கம் இதுதான். கல்வனைஸ் குழாயில் செய்த கேற்றுக்கு நேரே இனாமல் அடித்தாலும் இதே கதிதான். குழாயின் நாகப் (துத்தநாகப்) பூச்சின் மேல் உருவாகும் காரத் தன்மையுள்ள சேர்வைகள் அல்கிட்டைத் தின்றுவிடும். பூச்சு தாள் மாதிரி உரிந்து வரும்.

இதற்காக இனாமல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒற்றைப் பேணி, அளந்து கலக்கத் தேவையில்லை, மிஞ்சியதை மூடி வைக்கலாம், வீட்டுக்காரரே தூரிகை எடுத்து அடிக்கலாம், உரிந்த இடத்தைச் சுரண்டித் திருத்துவதும் இலேசு. வாழ்க்கை முழுக்க ஒரே வீட்டில் இருந்து, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சலிக்காமல் பூசுகிறவருக்கு அது நேர்மையான தெரிவு.

எப்பொக்சி

எப்பொக்சி வேறு வகை. ஒரு பேணியில் பிசின், மற்றதில் அமைன் வகை ஹாட்னர். பிசின் மூலக்கூறின் இரண்டு முனையிலும் ஓர் ஒட்சிசனும் இரண்டு காபனும் சேர்ந்த சின்ன முக்கோண வளையம் இருக்கிறது. அமைனில் நைதரசனோடு ஒட்டியிருக்கும் ஐதரசன் அந்த வளையத்தைத் திறந்து பிணைகிறது. ஒரு ஐதரசனுக்கு ஒரு வளையம். கணக்கு அவ்வளவு கண்டிப்பானது.

இந்தக் கண்டிப்பைத்தான் எங்கள் ஊரில் நிறையப் பேர் தவற விடுகிறார்கள். காரணமும் எனக்கு விளங்குகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பைபர் படகுகள் பெருகின. பைபர் வேலை தெரிந்த கைகளும் பெருகின. பைபர் பிசின் பொலியெஸ்தர். அதற்கு ஊற்றுகிற ஹாட்னர் ஒரு பெரொட்சைட்டு. பிசினில் ஏற்கெனவே இருக்கும் கோபால்ற்று அதை உடைக்க, தொடர்தாக்கம் தொடங்கிவிடும். அங்கே ஹாட்னரின் வேலை தொடக்கி வைப்பதுதான். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு போதும், கொஞ்சம் கூட்டினால் கெதியாக இறுகும், குறைத்தால் ஆறுதலாக இறுகும். அந்தப் பழக்கத்தோடு எப்பொக்சியிலும் "மழை வரப்போகுது, ஹாட்னரைக் கொஞ்சம் கூட்டு" என்று ஊற்றுகிறார்கள். எப்பொக்சியில் ஹாட்னர் வலையின் ஒரு பாதியாகவே உள்ளே நிற்க வேண்டியது. கூடினால் சோடி கிடைக்காத அமைன் உள்ளே மிஞ்சி நின்று தண்ணீரை உறிஞ்சும். குறைந்தால் சோடி கிடைக்காத பிசின் மிஞ்சும். இரண்டிலும் பூச்சு மென்மையாகவே நிற்கும், எவ்வளவு நாள் பொறுத்தாலும் தேறாது. பேணியில் நாலுக்கு ஒன்று என்று போட்டிருந்தால் அளவுக் குவளையால் நாலுக்கு ஒன்றுதான். கண் மட்டத்துக்கு விட வேண்டாம். இரண்டு பேணியின் அடியிலும் படிந்திருப்பதைக் கிளறிவிட்டு அளக்க வேண்டும்.

இந்தத் தாக்கம் சூட்டை வெளிவிடுகிறது. ஏறத்தாழ 10 பாகை கூடினால் வேகம் இரண்டு மடங்காகும் என்பது வேலைக்காரரின் பொதுக் கணக்கு. பேணியில் 25 பாகைக்கு என்று எழுதியிருக்கும் நேரம் எங்கள் வைகாசி வெயிலில் பாதியாகிவிடும். ஆழமான வாளியில் கலந்து வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் கெதியாகக் கட்டியாகும், சில வேளை புகையும் வரும். நிழலில் வைத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் அடித்து முடிக்கக்கூடிய அளவை மட்டும் கலந்து, அகலமான தட்டில் ஊற்றிக்கொள்வது நல்லது.

ஈரமான காற்றில் அமைன் ஹாட்னர் இன்னொரு தொல்லையும் தரும். காற்றில் இருக்கும் காபனீரொட்சைட்டோடும் ஈரத்தோடும் சேர்ந்து பூச்சின் மேல் எண்ணெய் பிடித்தது மாதிரியான வெளிறிய படலம் ஒன்று வரும். அதன் மேல் அடுத்த கோட்டை அடித்தால் ஒட்டாது. சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, உலர்த்தி, பிறகு இலேசாகத் தேய்க்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலத்தை உள்ளுக்குள் பரப்புவதாகத்தான் முடியும்.

சரி, இவ்வளவு பாடுபட்டால் கிடைப்பது என்ன? இரும்பை இறுக்கிப் பிடிக்கிற பூச்சு. காரத்துக்கு உடையாது, ஏனென்றால் எஸ்தர் மாதிரி உடையக்கூடிய இடம் அதன் முதுகெலும்பில் இல்லை. ஒரே கோட்டில் இனாமலைவிடப் பல மடங்கு தடிப்பைத் தாங்கும், ஏனென்றால் அது வெளியிலிருந்து ஒட்சிசனை எதிர்பார்ப்பதில்லை, மேலும் கீழும் ஒரே நேரத்தில் இறுகும். வெயில் ஒன்றுதான் அதற்கு எதிரி. சூரியனின் புறஊதாக் கதிர் பட்டால் மேற்பரப்பு சோக்கு மாதிரி மாவாகும். அடியில் இருக்கும் இரும்பைக் காக்கும் வேலை தொடரும், ஆனால் பளபளப்பும் நிறமும் போய்விடும். அதனால் வெளியில் நிற்கிற எப்பொக்சிக்கு மேலே இன்னொரு பூச்சு தேவை.

அந்த மேல்பூச்சு இனாமலாக இருக்கலாமா என்றால், இருக்கலாம், ஆனால் எனக்கு அது அவ்வளவு பிடித்த சேர்க்கை இல்லை. எப்பொக்சியில் மிஞ்சியிருக்கும் அமைன் இனாமல் காய்வதை இழுத்தடிக்கும், சில இடங்களில் ஒட்டும் தன்மை போகாமலே நிற்கும். எப்பொக்சியை ஒரு கிழமை முழுதாக இறுகவிட்டு, கழுவி, சாண்ட் பேப்பரால் நன்றாகத் தேய்த்துவிட்டு இனாமல் அடித்தால் பிரச்சினை குறையும். காசு குறைவாக இருக்கிறது, ஆனால் கறள் வேண்டாம் என்கிறவருக்கு இது ஒரு நடுவழி. மேல் இனாமல் வெளிறினாலும் அடியில் எப்பொக்சி நிற்கும். மேலே மட்டும் திருப்பி அடித்துக்கொள்ளலாம்.

டூ கே பொலியூரேதேன்

கராஜில் கார்களுக்கு அடிக்கிற அதே குடும்பம். 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயரும் அவருடைய ஆட்களும் தொடக்கிய இரசாயனம் இது. ஐதரொட்சைல் முனையுள்ள பிசின் ஒரு பேணியில், ஐசோசயனேற்று ஹாட்னர் மற்றதில். இரண்டும் சேர்ந்து யூரேதேன் பிணைப்பாகிறது. வெளியில் பாவிக்கும் நல்ல வகைகளில் ஹாட்னர் அலிபாற்றிக் வகையாக இருக்கும். வெயிலில் மஞ்சளாகாது, பளபளப்பு வருடக்கணக்கில் நிற்கும். அரோமாற்றிக் வகை மலிவு, ஆனால் மஞ்சளாகும். வெளிக் கேற்றுக்கு வாங்கும்போது இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஐசோசயனேற்றுக்குத் தண்ணீர் கிடைத்தால் பிசினை விட்டுவிட்டு அதோடும் சேரும். அப்போது காபனீரொட்சைட்டு வாயு வரும். பூச்சுக்குள் நுண்ணிய குமிழிகள், ஊசித் துளைகள், மங்கிய பளபளப்பு, இதெல்லாம் அதன் விளைவு. தின்னரில் ஈரம், கம்பிரசர் குழாயில் தண்ணீர், காலைப் பனி காயாத இரும்பு, அடித்து ஒரு மணித்தியாலத்தில் வந்த தூறல், எதுவும் போதும்.

உடம்பு விசயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஐசோசயனேற்றைத் தெளிக்கும்போது அந்த மூடுபனியைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை காட்டத் தொடங்கினால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். துணி முகக்கவசத்தால் எந்தப் பிரயோசனமும் இல்லை. வீட்டு வளவுக்குள் தெளிப்பதானால் முறையான சுவாசக் கவசம் உள்ள ஆளிடம் கொடுக்க வேண்டும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. தூரிகையாலோ ரோலராலோ அடித்தால் ஆபத்து பெரிதும் குறையும். அதற்கும் கையுறை வேண்டும். எப்பொக்சியிலும் ஹாட்னர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வருவது உண்டு.

ஈரத்தையே எடுத்து இறுகுகிற பெயின்றுகளும் இருக்கின்றன. ஒற்றைப் பேணிப் பொலியூரேதேன் ஒன்று. நாகத் தூள் கலந்த சிலிக்கேற்றுப் பிரைமர் இன்னொன்று, காற்றில் ஈரம் போதாவிட்டால் அது இறுகவே மாட்டாது. பாலம், கப்பல், பெரிய தாங்கிகளுக்கு உரியது. மணல் ஊதிச் சுத்தம் செய்த இரும்பு இல்லாமல் அதைத் தொட முடியாது என்பதால் வீட்டுக் கேற் கணக்கில் சேர்க்கவில்லை.

மாதமும் மணித்தியாலமும்

எங்கள் வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பது நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் முன்னால். கார்த்திகை, மார்கழி என்றால் வடகீழ்ப் பருவ மழை கொட்டுகிற காலம். சுவருக்கு உள்ளே அடிப்பதென்றால் பரவாயில்லை. வெளி இரும்புக்கு அதைவிட மோசமான மாதங்கள் வருடத்தில் இல்லை. கேற் வேலையை மட்டும் தனியே பிரித்து வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஊர் கூடும் ஆடி மாதம் இதற்கு அருமையான காலம். வறண்ட கச்சான் காற்று வீசும். தூசி வரும்தான், அதற்கு மறைப்புக் கட்டலாம்.

இரும்பின் சூடு பனிபடுநிலையைவிட (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் சூடு) குறைந்தது 3 பாகை மேலே இருக்க வேண்டும், ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்தத் தொழிலில் உலகம் முழுக்க உள்ள விதி. காற்று 28 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்றால் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை. பொழுது சாய்ந்தபின் இரும்பு 3 பாகை குளிர்வது பெரிய விசயமில்லை, அதோடு அது வியர்த்துவிடும். ஆகவே காலைப் பனி காய்ந்தபின் தொடங்கி, மத்தியானத்தோடு கடைசிக் கோட்டை முடிக்க வேண்டும். நேர் வெயிலில் கை வைக்க முடியாத அளவு சுட்ட இரும்பிலும் அடிக்கக்கூடாது, கரைப்பான் கொதித்துக் குமிழி விடும்.

உப்பைப் பற்றிப் பேசாமல் எந்தப் பெயின்றையும் ஒப்பிட முடியாது. உப்பு மிகுந்த கரையோரக் காற்றை, இரும்புப் பூச்சுகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 12944, சி5 என்ற மிகக் கடும் வகைக்குள் சேர்க்கிறது. கறளைச் சுரண்டினால் உப்புப் போகாது, குழிகளுக்குள் இருக்கும். அதன் மேல் எவ்வளவு விலையான பூச்சை அடித்தாலும், உப்பு பூச்சினூடாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக் கொப்பளம் ஆக்கும். பெயின்ற் அடிக்க முதல் நல்ல தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். நாவலடி, டச்பார் பக்கம் சில கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பைத் திரும்பப் பூசியதாகிவிடும். குழாய்த் தண்ணீர் பாவியுங்கள். கழுவிய அன்றே உலர்த்தி, கறள் பூப்பதற்கு முன் பிரைமரை அடித்துவிடுங்கள்.

என் தெரிவு

கடலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கேற்றுக்கு எப்பொக்சி பிரைமரும் டூ கே மேல்பூச்சும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிரைமரில் நாகப் பொஸ்பேற்று இருப்பதாகப் பாருங்கள். ஆனால் பழைய இனாமலை முழுதாக எடுக்க முடியாவிட்டால் இதைத் தொடாதீர்கள். டூ கேயின் தின்னர் பழைய இனாமலைச் சுருட்டிக் கிளப்பிவிடும். அந்த நிலையில் நன்றாகச் சுரண்டி, கழுவி, அன்டிகொரோசிவும் இனாமலும் அடிப்பதே மேல். மிகப் பழைய கிரில்களில் ஈயம் கலந்த பெயின்ற் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் நனைத்துத் தேய்க்க வேண்டும்.

கூரைக்குள் நிற்கிற இரும்புச் சட்டங்களுக்கு எப்பொக்சி இரண்டு கோட் போதும். வெயில் படாத இடத்தில் டூ கேக்குக் காசு கொட்டுவது வீண். விறாந்தைக்கு உள்ளே இருக்கும் யன்னல் கிரில்லுக்கு இனாமலே தாராளம். கல்வனைஸ் குழாய்க் கேற்றென்றால் எப்பொக்சி பிரைமர் இல்லாமல் எதையும் அடிக்க வேண்டாம். மாரி தொடங்கிவிட்டது, பொறுக்கவும் முடியாது என்றால் மழையில்லாத ஒரு நாளில் பிரைமரை மட்டும் அடித்துவிட்டு மேல்பூச்சை வெயில் காலத்துக்கு விடுங்கள். இடைவெளி நீண்டுவிடும் என்பதால் திரும்பத் தொடங்கும்போது கழுவித் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டியிருக்கும்.

அம்பாறை நகரம், உகன, மகாஓயா மாதிரிக் கடலிலிருந்து உள்ளே தள்ளிய இடங்களில் கணக்கு மாறுகிறது. உப்பு குறைவு, வெயில்தான் கடுமை. அங்கே அன்டிகொரோசிவும் இனாமலும் ஒழுங்காக அடித்தால் நன்றாக நிற்கும். அதே மாவட்டத்தின் கல்முனை, திருக்கோவில், பொத்துவில் கரையில் இருப்பவர்கள் கல்லடிக்காரரின் கணக்கையே எடுக்க வேண்டும்.

டூ கே பெரிய செற்றாகத்தான் வருகிறது, ஒரு கேற்றுக்குக் கூடிப்போகும் என்று தயங்குகிறவர்கள் பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரே நாளில் அடித்துக்கொள்ளலாம். திறந்த ஐசோசயனேற்று ஹாட்னரை அடுத்த வருடத்துக்கு வைக்க முடியாது, காற்றின் ஈரத்தை இழுத்துக் கெட்டுவிடும். வாங்கும்போதே ஹாட்னர் பேணியைத் தூக்கிப் பாருங்கள். மூடி புடைத்திருந்தாலோ உள்ளே கட்டி உருண்டாலோ ஈரம் போயிருக்கிறது என்று அர்த்தம். புடைத்த பேணி உள்ளே வாயு அழுத்தத்தோடு இருக்கும். அதைத் திறக்க முயலாமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு செற் கேளுங்கள்.